மகள் காய்ச்சும் பீர்

பீரில் எனக்குத் தெரிந்தது இரண்டே ரகம்தான்: கூலிங் இருப்பது, கூலிங் இல்லாதது. ஆரணியில் கடை வாசலில் நின்று வாங்குகிறவனுக்கு அதற்கு மேல் ரகம் தேவைப்பட்டதில்லை. கொடுப்பதை வாங்கி வேட்டி மடிப்பில் மறைத்து, பக்கத்துப் பாரில் நின்றபடியே ஜல்தியாகக் குடித்துவிட்டு, பாக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ருசி பார்க்கிற பேச்சே கிடையாது. பேதி மருந்து குடிப்பதைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவதுதான். ஐம்பத்தாறு வயது வரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டேன்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் வீட்டுத் தறிகளுக்கு நூல் கொடுக்கிற முதலாளிகள், விரல் அகலத் துணித்துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். அதே கலர் என்றால் அதேதான், கிட்டத்தட்ட என்பதெல்லாம் செல்லாது. ஆவி பறக்கிற தொட்டியின் முன்னால் நின்று, கழியில் மாட்டிய நூலைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷமாகப் புரட்டுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, இடுப்பு போய்விட்டது, மூக்கை விட்டு ஆசிட் வாசனை போவதே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குடிப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் இல்லாத நாளிலும் குடித்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். வேலூரில் பயோடெக்னாலஜி படித்தாள். படிப்பு முடிந்த கையோடு பெங்களூரில் வேலை கிடைத்தது. "ஃபுட் கம்பெனிப்பா, குவாலிட்டி பாக்கற வேலை" என்றாள். ஒன்றரை வருஷம் நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அது பிஸ்கட் கம்பெனி என்று தாங்களாகவே முடிவுகட்டி, பெண் ஊருக்கு வரும்போது உடைந்த பிஸ்கட் இருந்தால் எடுத்துவரச் சொன்னார்கள்.

பிறகு ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. என் மனைவிக்கு அப்போது கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் நான்தான் பஸ் ஏறிப் போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாலு நாள் அவள் அறையில் கிடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு மணி நேரம் வேலைக்குப் போய்ட்டு வரணும். நீயும் வா. பாத்துட்டுத் திட்றதுன்னா திட்டு."

ஆட்டோவில் அழைத்துப்போனாள். பெரிய ஹோட்டலைப் போல ஒரு இடம். மேஜை நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. கடைசியில் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் ஆளைவிட உயரமான எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. கேழ்வரகு வேகிற மாதிரி ஒரு வாசனை. என் பெண் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சூடு காட்டுகிற மீட்டரைப் பார்த்துவிட்டு, கீழே நின்ற ஆளை இந்தியில் ஏதோ அதட்டினாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. தொட்டி முன்னால் நான் நிற்பதும் அதே தினுசுதான். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இன்னாமா காச்சறீங்க இங்க?"

"பீருப்பா."

கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் 'காய்ச்சுகிறவன்' என்று ஒருவனைச் சொன்னால், அவன் மலையடிவாரத்தில் ஊறல் போட்டு அடுப்பு மூட்டுகிறவன், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் பானையை உடைத்துவிட்டுப் புதருக்குள் ஓடுகிறவன். அவன் வீட்டில் சம்பந்தம் வைப்பதற்கே பத்துத் தடவை யோசிப்பார்கள். பெண்பிள்ளை காய்ச்சுகிறாள் என்றால் அதை என்னவென்று சொல்வது? கத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆறு மணி நேர பஸ் பயணமும் நாலு நாள் கண்விழிப்பும் சேர்ந்து, கோபம் வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறுவதற்குள் சோர்ந்து போய்விட்டது.

"பொய் சொன்னியேமா" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாம்பா. நெஜத்த சொல்லியிருந்தா நீ அனுப்பியிருக்க மாட்ட. இனிமே பொய் சொல்ல மாட்டேன்."

சொன்னபடி நடந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

அடுத்த மாதம் அரிசியும் பருப்புப்பொடியும் கொடுக்கிற சாக்கில் மறுபடியும் போனேன். மதியம் மூன்று மணி, வாரத்தின் நடுநாள், கடையில் ஈ காக்காய் இல்லை. என்னை ஒரு மேஜையில் உட்காரவைத்து, நீளமான பலகையில் ஐந்து சின்னக் கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமல் குடித்தவன் நான்.

"எனக்குப் பழக்கமில்லமா" என்றேன்.

"ஏழாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும்பா. என்னைக்குப் பாக்கு வாசன வருதோ அன்னைக்கு நீ குடிச்சிட்டு வந்திருக்கன்னு அர்த்தம். மத்த நாள்ல நீ பாக்கே போட மாட்டியே."

அதற்குமேல் மானத்தைக் காப்பாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. குடித்தேன்.

முதல் டம்ளர் கோதுமையில் செய்தது. மொந்தன் பழத்தில் லவங்கம் போட்டுப் பிசைந்த மாதிரி வாசனை அடித்தது, வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். இரண்டாவது ஐபிஏ என்றாள். நாக்கில் பட்டதும் உடம்பு சிலிர்த்துப்போகிற கசப்பு. காய்ச்சல் வந்தவனுக்குக் கொடுக்கிற கஷாயத்தை, நல்லா இருக்கிறவன் காசு கொடுத்துக் குடிப்பானா என்று கேட்டேன். மூன்றாவது புளிப்பு. நாலாவது கறுப்பு, மை மாதிரி இருந்தது. அதைத் தொடவே இல்லை. ஐந்தாவது கோல்டன். சந்தன நிறத்தில், வெயில் பட்டால் பளபளக்கிற மாதிரி அவ்வளவு வெளிறி இருந்தது.

அங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. சாயத்தொட்டியில் கறுப்பு என்றால் சாயம் நிறைய, சந்தனம் என்றால் ஒரு சிட்டிகை. முப்பது வருஷக் கணக்கு அது. கறுத்தது காட்டமாக இருக்கும், வெளுத்தது லேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் முன்னால் தள்ளாடக் கூடாது என்று நானே புத்திசாலித்தனமாக முடிவு செய்து, அவள் தொட்டியைப் பார்க்கப் போன நேரத்தில் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு அந்தச் சந்தன நிறத்தில் பெரிய டம்ளர் ஒன்று கேட்டேன். இனிப்பாக, வழுவழுவென்று இறங்கியது. இன்னொன்று கேட்டேன். அதற்கப்புறம் இன்னொன்று.

எழுந்து நின்றபோது தரை நகர்ந்தது. உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், எவர்சில்வர் தொட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, சூடு எப்படி ஏற்ற வேண்டும் என்று அங்கிருந்தவர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தேனாம். "மெதுவா ஏத்தணும், அவசரப்பட்டா திட்டுத்திட்டா புடிச்சிக்கும்" என்றேனாம். பீர் எங்கே திட்டுத்திட்டாகப் பிடிக்கும்? என் பெண் வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, தயிர்சாதம் வரவழைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க கீறதுலயே அதுதாம்பா ஸ்ட்ராங்கு. கறுப்பா இருந்திச்சே, அதுதான் லேசு."

"கலரப் பாத்தேம்மா."

"கலரு தானியத்த வறுக்கறதுல வருது. போதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டு தயிர்சாதத்தைத் தின்றேன். குடித்துவிட்டுத் தள்ளாடும் என்னை அவள் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். கேலி செய்யவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "பரவால்லப்பா, எல்லாரும் அதுல ஏமாறுவாங்க" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஆம்பூர் தாண்டுவதற்குள், ரொம்ப நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஒளிந்து குடிப்பதும் ஒரு வேலைதான், அந்த வேலையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்தது.

மனைவியிடம் மூன்றாம் மாதம்தான் சொன்னேன். மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாவாவது காச்சுதா?"

"நல்லா காச்சுது."

"அப்பன் குடிக்க, பொண்ணு காச்ச. எனக்குன்னு நல்லா வந்து வாச்சுது இந்தக் குடும்பம்."

அதோடு விட்டுவிட்டாள். தெருவில் மட்டும் பிஸ்கட் கம்பெனிதான்.

அதற்கப்புறம் மாதம் ஒரு நடை போனேன். பீர் குடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று இந்த வயதில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நடந்தது அதுதான். முதலில் முகர வேண்டும், பிறகு ஒரு வாய், விழுங்கிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். கோதுமையும் லவங்கமும் எனக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கஷாயம் என்று திட்டிய ஐபிஏவை நாலாம் மாதம் நானே கேட்டு வாங்கினேன். அந்தக் கசப்பு போகப்போகப் பிடித்துக்கொள்கிறது, பாகற்காய் எந்த வயதில் பிடிக்க ஆரம்பித்தது என்று யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? பயந்து ஒதுக்கிய கறுப்பு ஸ்டவுட், அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்கிற மாதிரி ஒரு கருகல் ருசி. மழை நாளில் அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

ஆனால் என் மனசுக்குப் பிடித்தது புளிப்புதான். முதல் நாள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை உப்புப் போட்டுச் செய்ததைக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. புளித்த கூழ்ப்பானையில் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மொண்டு, ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே.

"இதுக்கா ஆறு மணி நேரம் பஸ்ல வந்துகினு கீறேன்? நம்ம வூட்டுப் பானையிலயே இருக்குதேமா!"

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெளிநாட்டிலும் நம்மைப் போல ஏதோ ஏழைப்பட்டவர்கள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றாள். அன்றிலிருந்து நான் போனால் முதலில் அதுதான் வரும். தொட்டி முன்னால் நாளெல்லாம் வெந்த உடம்பு, அந்தப் புளிப்பு உள்ளே போனால் தண்ணீர் தெளித்த மாதிரி அடங்கும்.

ஒரு தடவை, இன்னும் கடைக்கு விடாத பீர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கூட வேலை செய்கிற மூன்று பேரும் நின்றார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்களாம். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, சும்மா இருந்துவிட்டு, "இதுல வெண்ணெ வாசன வருது" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். என் பெண் சிரிக்கவில்லை. மறுபடி முகர்ந்தாள், மீட்டரைப் போய்ப் பார்த்தாள், யாரோ அவசரப்பட்டு இரண்டு நாள் முன்னாலேயே குளிரவைத்துவிட்டிருந்தார்கள். அதைத் திரும்பக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி மூன்று நாள் விட்டாள். வாசனை போய்விட்டது என்று போன் செய்து சொன்னாள்.

"மத்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டு நல்லா இருக்குன்றாங்கப்பா. நீதான் நாக்கப் பாத்து சொல்ற."

அதற்குப் பிறகு எந்தப் புது பீரும் நான் குடித்துச் சொல்லாமல் வெளியே போனதில்லை. நான் போகிற தேதிக்காகக் காத்திருப்பாள். டம்ளரை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று, "எப்டிப்பா கீது?" என்று கேட்பாள். என் பட்டறையில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. நூலை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், எடுத்துப்போவார்கள். அவள் கேட்கிற அந்த ஒரு கேள்விக்காகத்தான் மாதம் முழுக்க ஆவியில் நின்றேன் என்று சொன்னால் மிகையில்லை.

போன வருஷம் பெரணமல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ஓசூரில் வேலை. பெங்களூருக்குப் பக்கம், பெண்ணும் வேலையை விட வேண்டியதில்லை. தரகர் போட்டோ அனுப்பினார். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. அவர்கள் பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவளை ஊருக்கு வரச் சொன்னபோது, போனில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"வரேம்பா. ஆனா நான் இன்னா வேலை செய்யறேன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அத நீ சொல்லு. நான் சொன்னா திமிருன்னுவாங்க. நீ சொன்னா அது ஒரு வேலைன்னு அவங்களுக்குப் புரியும்."

"சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கல்யாண சீசன், பட்டறையில் வேலை கழுத்தைப் பிடித்தது. கிளிப்பச்சை ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போனைக் கையில் எடுப்பேன். தரகருக்குச் சொல்ல வேண்டும், அவர் 'இன்னாது?' என்பார், மறுபடி சொல்ல வேண்டும், சாராயம் வேறு பீர் வேறு என்று விளக்க வேண்டும், ஹோட்டல் மாதிரி கௌரவமான இடம் என்று விளக்க வேண்டும். நினைத்தாலே அசதியாக இருக்கும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிடுவேன். உண்மையைச் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. பொய்க்கு அந்தச் செலவு இல்லை. இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

வேனில் ஏழு பேர் வந்தார்கள். பையன் அமைதியாக இருந்தான். அவனுடைய பெரியப்பாதான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார். நிலம், மழை, நெல் விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, காபியைக் கீழே வைத்துக் கேட்டார்.

"பொண்ணு பெங்களூர்ல இன்னா வேலைங்க பண்ணுது?"

என் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் முன்பே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தாள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"ஃபுட் கம்பெனிங்க. குவாலிட்டி பாக்கற வேலை."

"நல்லதுங்க. உங்களுக்குப் பழக்கம் எதுவும் இல்லியே? தப்பா நெனச்சிக்காதீங்க, கேட்டுக்கறதுதான்."

"தொட்டதே இல்லீங்க."

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் பெண் பிடித்துவிட்டால் அன்றைக்கே தலையில் பூ வைத்துவிடுவார்கள். பூ ஏறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, அப்புறம் பின்வாங்கினால் கேவலம். பையனின் அம்மா தயாராகவே மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார். இலையைப் பிரித்து, சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பெண் ஓரடி பின்னால் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் அத்த. பூ வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அப்பா சொன்னது சரியில்ல. நான் பீர் செய்யற எடத்துல வேலை செய்யறேன். லைசென்ஸ் வாங்கி நடத்தற எடம்தான். அங்க நான்தான் காச்சறேன்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாங்க, உங்க பொண்ணு இப்டி சொல்லுது?"

அப்போதாவது நான் சரி செய்திருக்கலாம். 'ஆமாங்க, நான்தான் சொல்லத் தயங்கினேன்' என்று ஒரு வார்த்தை போதும். அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள், நான் நுழைந்திருந்தால் போதும். ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"அது வெளையாட்டுக்கு சொல்லுதுங்க. சின்ன வயசுலேந்தே இப்டிதான், எதையாச்சும் சொல்லி பேஜார் பண்ணிகினு இருக்கும். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

யாரோ ஒருவர் என்னோடு சேர்ந்து சிரித்தார். என் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆளை அடையாளம் கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பையனின் அம்மா கொஞ்ச நேரம் சரத்தைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, திரும்ப இலையில் வைத்து மடித்தார். "போய்க் கலந்து பேசிட்டு சொல்றோங்க" என்றார்கள். வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தால் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பொய் சொன்னீங்க, அது ஒண்ணு. அவ சொன்ன நெஜத்தப் பொய்யாக்கினீங்களே, அது இன்னாத்துக்கு?"

நான் நாற்காலிகளை மடக்கி ஓரமாக வைத்தேன். தட்டு சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மதியம் இரண்டு மணி பஸ்ஸுக்கு என் பெண் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதம் கட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபிறகு கீழே நின்று சொன்னேன்.

"மொதமொதல்ல நீ எங்களுக்கு சொன்ன பொய்யதானமா நானும் சொன்னேன்? ஃபுட் கம்பெனின்னு."

"ஆமாம்பா. மொதல்ல சொன்னது என்னோடதுதான்" என்றாள். "ரெண்டாவதா, நான் வெளையாட்டுக்கு சொல்றேன்னு சொன்னியே, அது யாரோடது?"

பஸ் நகர்ந்துவிட்டது.

பெரணமல்லூரிலிருந்து போன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தரகர்தான் சொன்னார். பையன் அன்று வேனிலேயே போனில் தேடி அவள் தொட்டிப் பக்கத்தில் நிற்கிற படத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம். "வேலைய பத்தி பையன் ஒண்ணும் பெருசா நெனைக்கலயாம். நீங்க பேசினதுதான் பெரியவருக்கு ஒத்துக்கலயாம்" என்றார். சொல்லிவிட்டு, வேறு இடம் பார்க்கலாம் என்று டீ வாங்கிக் கொடுத்தார். டீயில் ருசியே தெரியவில்லை.

மூன்று மாதம் நான் பெங்களூர் போகவில்லை. போகாமலே இருந்திருப்பேன், மனைவிதான் அரிசி மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தாள். இதை எடுத்துக்கொண்டு போகிறீர்களா, நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். போனேன்.

அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தைலம் வாங்கி வைத்திருந்தாள். மதியம் சாப்பிடவைத்தாள். மூன்று மணிக்குக் கடைக்குக் கூட்டிப்போய் அதே மேஜையில் உட்காரவைத்தாள். ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். புதிதாக அரிசி போட்டுக் காய்ச்சியதாம், இன்னும் வெளியே விடவில்லையாம். வைத்துவிட்டு எதிரில் நிற்காமல், பக்கத்து மேஜையைத் துடைக்கப் போனாள்.

முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தேன். சும்மா இருந்தேன். அவள் கேட்பாள் என்று பார்த்தேன். துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி டம்ளர் முடிந்தபிறகு நானாகச் சொன்னேன்.

"நல்லா கீதுமா."

"ம்."

"நெஜமாதாம்மா. நல்லா வந்திருக்குது."

துணியை மேஜையில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்கும் அசதிதான், இந்த வேலையும் நின்றே செய்கிற வேலை.

"அன்னைக்கும் நீ இப்டிதாம்பா மூஞ்சிய வெச்சிகினு இருந்த" என்றாள். "இதே மாதிரிதான் சிரிச்ச. நீ எப்ப நெஜம் சொல்ற, எப்ப பொய் சொல்றன்னு எனக்கு இப்ப வித்தியாசம் தெரியல. நான் கோவத்துல சொல்லலப்பா. நெஜமாவே தெரியல."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பெண் குடித்துவிட்டு ஏதோ சொன்னாள். என் மகள் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

நான் மீதியைக் குடித்தேன். வாயில் வைத்ததும் ஒன்றுமே இல்லாத மாதிரி லேசாக இருந்தது, விழுங்கியபிறகு புதுநெல் அரிசி வேகிற வாசனை மெதுவாக மேலே வந்தது. எந்தக் குறையும் இல்லை. இதுவரை அவள் காய்ச்சியதிலேயே இதுதான் நன்றாக வந்திருந்தது. டம்ளரைக் காலி செய்துவிட்டு, அவள் நம்புகிற மாதிரி இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.